நரைக்கு ஓர் எண்ணா?
ஓய்வூதிய அகவையும் ஆண்பெண் ஒப்புரவும்

உழைத்துத் தேய்ந்த ஒருவர்க்கு ஓய்வு எப்பொழுது என்று முடிவு செய்யும் அரசு, இரண்டில் ஒன்றைப் பார்த்தாக வேண்டும். உழைத்தவரின் உடலைப் பார்க்க வேண்டும்; இல்லையேல் தன் கருவூலப் பெட்டியைப் பார்க்க வேண்டும். இந்நாட்டு அரசுகள் நெடுங்காலமாகப் பெட்டியைத்தான் பார்த்து வந்திருக்கின்றன. பெட்டி நிறைந்திருந்தால் ஓய்வின் அகவை ஓர் எண். பெட்டி வறண்டால் வேறோர் எண். ஆணுக்கும் அவ்வெண், பெண்ணுக்கும் அவ்வெண், நாற்காலியில் அமர்ந்தவர்க்கும் அவ்வெண், வெயிலிற் கல் சுமந்தவர்க்கும் அவ்வெண் என்று அறிவித்து, அதற்கு 'ஒப்புரவு' என்று பெயரும் சூட்டிவிட்டால் கேட்பவர் வாயடைத்துப் போவர் என்பது ஆள்வோரின் கணக்கு. அக்கணக்குப் பிழையானது. எல்லார்க்கும் ஒரே எண் என்பது வேறு. எல்லார்க்கும் ஒரே நயன் என்பது வேறு. முன்னதைக் காட்டிப் பின்னதை மறைக்கும் வித்தையைத் தமிழ்மக்கள் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

எண்கள் ஆடிய ஆட்டம்

தமிழ்நாட்டரசின் பணியாளர்க்கும் ஆசிரியர்க்கும் ஓய்வு அகவை நெடுங்காலம் 58 ஆக இருந்தது. 2020 மே 7ஆம் நாள் அது 59 ஆக்கப்பட்டது. பத்துத் திங்கள் கழியுமுன், 2021 பிப்பிரவரி 25ஆம் நாள், சட்டமன்றத்தில் 110ஆம் விதியின்கீழ் மற்றோர் அறிவிப்பு வந்தது. 59 போய் 60 ஆயிற்று. கொரோனாத் தொற்றால் அரசின் வருவாய் வீழ்ந்து கிடந்த காலம் அது. ஓய்வு பெறுவோர்க்கு ஒருசேரக் கொடுக்க வேண்டிய பணிக்கொடையையும் பிற தொகைகளையும் தள்ளிப்போடவே இவ்வேற்பாடு என்று அன்றே பலரும் எடுத்துரைத்தனர். அதற்கு மறுப்பாக, 'மாந்தவுடலை ஆய்ந்தோம்; 60 வரை உழைக்கலாம் என்று கண்டோம்' என்று எந்த மருத்துவக் குழுவின் அறிக்கையும் மக்கள்முன் வைக்கப்படவில்லை. மே மாதத்தில் 59இல் ஓய்வு வேண்டியிருந்த உடல், மறு பிப்பிரவரியில் 60 வரை தாங்கும் உடலாக மாறிய மாயம் யாது?

எல்லையைத் தாண்டிப் பார்த்தால் இவ்வாட்டம் இன்னும் தெளிவாகும். கேரளத்தில் பழைய ஓய்வூதியத் திட்டத்தில் உள்ள அரசுப் பணியாளர்க்கு 2012இல் 55 என்பது 56 ஆயிற்று. தெலங்கானத்தில் 2021இல் 61 ஆயிற்று. ஆந்திரத்திலோ, என்.டி. இராமாராவ் ஆட்சி 1983 பிப்பிரவரியில் 58ஐத் திடுமென 55 ஆகக் குறைத்தது. அதை எதிர்த்த வழக்கில் 1985 சனவரியில் உச்சநயன்மன்றம் அரசின் பக்கமே நின்றது. பின்னர் அதே 55 மீண்டும் 58 ஆகி, 2014இல் 60 ஆகி, 2022இல் 62 ஆயிற்று. அப்படியானால் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அப்பால் 56இல் நரைக்கும் தலை, மலைக்கு இப்பால் 60இலும், வேங்கடத்துக்கு வடக்கே 62இலும் நரைக்கின்றதோ?

கடல் கடந்து இலங்கைக்குச் சென்றாலும் கதை இதுவே. 2021 நவம்பரில் வந்த வரவுசெலவுத் திட்டம் அரசுப் பணியாளர் 65 வரை பணியாற்றலாம் என்றது. நாட்டின் பொருளியல் சரிந்தபின், 2022இல் அம்முடிவு மாற்றப்பட்டு, 2023 சனவரி 1 முதல் 60 என்றாயிற்று. ஓராண்டில் ஐந்தாண்டு கூட்டுவதும் மறு ஆண்டில் ஐந்தாண்டு கழிப்பதும் முதுமையைப் பற்றிய அறிவால் நிகழ்வன அல்ல. பணம் போதாதபோது உழைப்பவரின் வாழ்நாளைக் கடனாக எடுத்துக்கொள்ளும் வழக்கமே அது.

இந்த ஆட்டத்தில் முதியவர் மட்டுமே இழப்பவர் அல்லர். பணியிடம் ஒன்று ஈராண்டு காலியாகாமல் நின்றால், அதன் வாயிலில் நிற்கும் இளைஞர் ஒருவர்க்கு ஈராண்டு போயிற்று. பட்டமும் ஆசிரியப் பயிற்சியும் முடித்துவிட்டுக் காரைக்குடியிலும் தேவகோட்டையிலும் தனியார் பள்ளிகளில் அரைவயிற்றுச் சம்பளத்துக்குப் பாடம் நடத்தும் மகளிரைக் கேட்டால், அவ்வீராண்டின் விலை தெரியும். தாய்க்கு ஓய்வைத் தள்ளி வைத்தவர்கள் மகளுக்கு வேலையையும் தள்ளி வைத்தார்கள்.

துடைப்பத்துக்கு 60, தூவலுக்கு 58

'எல்லார்க்கும் ஒரே அகவை' என்பதே நேர்மை என்று பேசுவோர் ஒரு பழைய செய்தியை மறந்துவிடுகின்றனர். 2020க்கு முன் தமிழ்நாட்டரசுப் பணியில் இரண்டு அகவைகள் இருந்தன. எழுத்தர்க்கும் ஆசிரியர்க்கும் அலுவலர்க்கும் 58. கூட்டுவோர், காவல் காப்போர், கட்டுகளைச் சுமப்போர் ஆகிய அடிப்படைப் பணியாளர்க்கு 60. தூவல் பிடித்த கை 58இல் ஓய்ந்தது. துடைப்பம் பிடித்த கை 60 வரை ஓயவில்லை. குறைந்த சம்பளக்காரர்க்குக் கூடுதலாக ஈராண்டு சம்பளம் கிடைக்கட்டும் என்னும் நல்லெண்ணம் அதற்குக் கரணியம் என்று சிலர் சொல்லலாம். கெட்டியான ஓய்வூதியம் இருந்திருந்தால் அந்த ஈராண்டு எதற்கு? உழைப்பின் கடுமை கூடக் கூட ஓய்வு விரைந்து வர வேண்டும் என்பது அறம். அது தள்ளிப் போனதுதான் நடைமுறை.

மேலே ஏறிப் பார்த்தால் எண்ணே இல்லை. நாடாளுமன்ற உறுப்பினர்க்கும் சட்டமன்ற உறுப்பினர்க்கும் ஓய்வு அகவை என்பது கிடையாது. ஓய்வூதியம் மட்டும் உண்டு. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினரின் குறைந்த அளவு ஓய்வூதியம் 2023 ஏப்பிரல் 1ஐக் கணக்கில் வைத்துத் திங்களுக்கு 25,000 உருபாவிலிருந்து 31,000 உருபா ஆக்கப்பட்டது. அதற்கு 30 ஆண்டு உழைத்த கணக்கு வேண்டுவதில்லை. மறுபுறம், தமிழ்நாட்டில் 2003 ஏப்பிரல் 1க்குப் பின் பணியிற் சேர்ந்த ஆசிரியரும் பணியாளரும், உறுதியான பழைய ஓய்வூதியத்தினின்று பிரிக்கப்பட்டுப் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் தள்ளப்பட்டனர். ஓய்வைத் தள்ளிப்போட்டவர்கள், ஓய்வின்பின் வரும் ஊதியத்தையும் உறுதியற்றதாக்கிய வரலாறு இது.

ஓய்வூதியம் அரசு போடும் ஐயம் அன்று. ஆண்டுக்கணக்கில் உழைத்ததற்குப் பின்னிட்டுத் தரும் கூலி. இதை 1982 திசம்பர் 17ஆம் நாள் நகாரா வழக்கில் உச்சநயன்மன்றமே ஒப்புக்கொண்டது. அந்நாளை ஓய்வூதியர் நாளாகவும் கொண்டாடி வருகின்றனர். கூலி என்றால் அதைக் கொடுக்கும் நாளைக் கொடுப்பவர் மட்டுமே மாற்றிக்கொண்டிருக்கலாமா?

செட்டிநாட்டுக் கைகள்

இதுவரை சொன்னவை சம்பளப் பட்டியலில் பெயர் உள்ளவர்களின் கதை. சம்பளப் பட்டியலே இல்லாதவர்களின் கதைதான் பெரிது. சிவகங்கை மாவட்டத்தில் 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்குப்படி 1000 ஆண்களுக்கு 1003 பெண்கள். இப்பெண்களுள் அரசுப் பணியின் ஓய்வாணை பெறுவோர் எத்துணைச் சிலர்! கானாடுகாத்தானிலும் பள்ளத்தூரிலும் பூட்டிக் கிடக்கும் பெருவீடுகளின் முற்றங்களைக் கூட்டித் துடைப்பவர் பெண். காரைக்குடித் தின்பண்டக் கூடங்களில் விடியுமுன் எழுந்து, கொதிக்கும் எண்ணெய்ச் சட்டியின் முன்நின்று முறுக்கும் தேன்குழலும் பிழிபவர் பெண். கட்டடங்களில் கலவைச் சட்டி தூக்கும் சித்தாள் பெண். பனையோலைக் கொட்டான் முடைபவர் பெண். கண்மாய் நிறைந்தால் நடவுக்கும் களையெடுப்புக்கும் குனிபவர் பெண்; கண்மாய் வறண்டால் வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டத்தின் புகையில் நிற்பவர் பெண். இவர்கள் உழைக்கத் தொடங்கிய அகவை 22 அன்று, 25 அன்று, பன்னிரண்டு, பதின்மூன்று. நாற்பது ஆண்டு உழைத்து முடிக்கும்போது இவர்க்கு அகவை 52 அல்லது 53. அதற்குள் முழங்கால் தேய்ந்துவிடும், கண் மங்கிவிடும், முதுகு வளைந்துவிடும். ஆனால் அரசின் முதியோர் ஓய்வூதியம் 60இல்தான் வரும்.

கல்லூரியில் பயின்று 25இல் பணியேறி 60இல் ஓய்வு பெறுபவர் 35 ஆண்டு உழைத்தவர். பன்னிரண்டில் வேலைக்கு வந்து 60 வரை காத்திருக்கும் கூலிப்பெண் 48 ஆண்டு உழைத்தவர். பதின்மூன்று ஆண்டு கூடுதலாக உழைத்தவர்க்குத் திங்களுக்குச் சில நூறு உருபா. அதுவும் ஏழை என்றும் கேட்பாரற்றவர் என்றும் மெய்ப்பித்தபின். இதற்குப் பெயர் ஒரே அகவையாம், ஒப்புரவாம்!

தமிழ்நாட்டில் முதியோர் ஓய்வூதியம் 1962 ஏப்பிரலில் திங்களுக்கு 20 உருபாவாகத் தொடங்கிற்று. படிப்படியாக உயர்ந்து 1000 ஆகி, 2023இல் 1200 ஆயிற்று. இதில் நடுவணரசின் பங்கு என்ன? 60 முதல் 79 அகவை வரை உள்ளவர்க்குத் திங்களுக்கு 200 உருபா. இத்திட்டத்துக்கு இந்திரா காந்தியின் பெயர் சூட்டப்பட்ட ஆண்டு 2007. அன்று 200, 2025இலும் 200. நாளொன்றுக்கு 6 உருபா 67 காசு! ஒரு குவளைத் தேநீருக்கும் காணாது. அரிசியின் விலை ஏறிற்று. பேருந்துக் கட்டணம் ஏறிற்று. நாடாளுமன்ற உறுப்பினரின் ஓய்வூதியம் ஏறிற்று. முதிய கூலிப்பெண்ணுக்குத் தில்லி தரும் 200 மட்டும் ஏறவில்லை. தமிழ்நாட்டின் வரியைத் தண்டிக்கொள்ளும் தில்லி, தமிழ்நாட்டு முதியவளுக்குத் திருப்பித் தருவது இவ்வளவே.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். இத்திட்டத்துக்குரிய அகவை முன்னர் 65 ஆக இருந்தது. 2011இல் அது 60 ஆகக் குறைக்கப்பட்டது. ஏழைக்கு அகவையைக் குறைக்க முடியும் என்பதை அரசே காட்டிவிட்டது. எனவே, 'குறைக்கவே இயலாது' என்னும் பேச்சு இனி எடுபடாது.

அகவையை மெய்ப்பிப்பதும் ஒரு துன்பம். பிறப்பைப் பதியாத காலத்தில் சிற்றூரில் பிறந்த பெண்ணுக்குப் பள்ளிச் சான்றும் இல்லை. பிறப்புச் சான்றும் இல்லை. ஆதார் அட்டைக்கு விவரம் எழுதியவர் முகத்தைப் பார்த்து ஏதோ ஓர் ஆண்டைப் போட்டிருப்பார். அந்த ஊகத்தில் ஐந்தாண்டு குறைந்திருந்தால், அப்பெண் வட்டாட்சியர் அலுவலகப் படிகளில் ஐந்தாண்டு ஏறி இறங்க வேண்டியதுதான். உடல் சொல்லும் அகவையை நம்பாத அரசு, ஊகம் சொல்லும் அகவையை நம்புகிறது.

'பெண் நீண்டநாள் வாழ்கிறாள்' என்னும் கூற்று

ஓய்வு அகவையை உயர்த்த வேண்டும் என்போர்க்குக் கைகொடுக்கும் கூற்று ஒன்று உண்டு. 2019 சூலையில் வெளிவந்த இந்திய அரசின் 2018-19ஆம் ஆண்டுப் பொருளியல் ஆய்வறிக்கை அதை எடுத்துவைத்தது. ஆண் பெண் இருபாலாரின் வாழ்நாளும் நீண்டு வருவதால், பிற நாடுகளைப் போல் ஓய்வு அகவையைப் படிப்படியாக உயர்த்தலாம் என்பது அதன் கருத்து. பெண்ணின் வாழ்நாள் ஆணினும் நீண்டது என்பதால், அவளுக்கு மட்டும் முந்தி ஓய்வு எதற்கு என்று இக்கூற்றை மேலும் நீட்டுவாரும் உளர்.

எண் உண்மைதான். 2016-20 ஆண்டுகளுக்கான பதிவுக் கணக்குப்படி, இந்தியாவில் ஆணின் வாழ்நாள் எதிர்பார்ப்பு 68.6 ஆண்டு, பெண்ணின் வாழ்நாள் எதிர்பார்ப்பு 71.4 ஆண்டு. வேறுபாடு 2.8 ஆண்டு. ஆனால் இவ்வெண் மாளிகைக்கும் குடிசைக்கும் சேர்த்துப் போட்ட நிரவல். குளிரூட்டிய அறையில் இருந்தவரின் 85ஐயும் கரிமூட்டத்தில் நின்றவரின் 58ஐயும் கூட்டி வகுத்து, அந்த ஈவைக் கரிமூட்டத்தில் நின்றவரிடமே காட்டி, 'பார், நீ நீண்டநாள் வாழ்கிறாய். ஆகவே நீண்டநாள் உழை' என்பது கணக்குக் கற்றவன் செய்யும் கொடுமை. நீண்டு வாழ்தல் வேறு. நலமாய் வாழ்தல் வேறு. கணவனை இழந்தபின் தனித்து, நோயோடும் கடனோடும் இழுபடும் ஆண்டுகள், மேலும் உழைக்க வேண்டிய ஆண்டுகள் ஆகா. துணை வேண்டிய ஆண்டுகளே ஆகும்.

இன்னொரு கணக்கையும் போட்டுப் பார்த்தால் இக்கூற்றின் வேரே அறும். இந்திய அரசின் புள்ளியியல் அலுவலகம் 2024இல் மக்கள் தம் நாளை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று கணக்கெடுத்தது. கூலியில்லாத வீட்டுவேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்கு நிரவலாக 289 மணித்துளி செலவிடுகிறாள். அவ்வாறு ஈடுபடும் ஆண் 88 மணித்துளி செலவிடுகிறான். வேறுபாடு 201 மணித்துளி. ஆண்டுக்கு 365 நாளும் விடுமுறையின்றி இவ்வேறுபாடு நடக்கிறது. 20 அகவை முதல் 60 அகவை வரை 40 ஆண்டுக்குக் கூட்டினால் ஏறத்தாழ 48,900 மணிநேரம். நாளுக்கு எட்டு மணிநேரம், ஆண்டுக்கு 300 வேலைநாள் என்று வகுத்தால் 20 ஆண்டு! ஆணினும் 2.8 ஆண்டு கூடுதலாக வாழ்பவள், அவனினும் 20 ஆண்டு கூடுதலாக வீட்டில் உழைத்திருக்கிறாள். இதில் பிள்ளை பெற்ற நோவும், பால் கொடுத்த இரவுகளும், மாமியாரின் படுக்கையருகே விழித்த நாள்களும் சேரவில்லை. இக்கணக்கைப் பார்த்தபின்னும் 'பெண் நீண்டு வாழ்கிறாள், ஆகவே நீண்டு உழைக்கட்டும்' என்று சொல்ல எவர்க்கு நா எழும்?

மறுபக்கமும் ஒன்று உண்டு

ஓய்வு அகவை 60 ஆனபோது பெண் ஆசிரியர் பலர் மகிழ்ந்ததும் உண்மை. அதை மறைப்பது நேர்மையாகாது. திருமணம், மகப்பேறு, இடமாற்றம், பதிவு மூப்புக்காகக் காத்திருத்தல் ஆகியவற்றால் முப்பத்தைந்தைத் தாண்டிப் பணியேறிய பெண்கள் எத்துணையர்! பழைய திட்டத்தில் முழு ஓய்வூதியத்துக்கு 30 ஆண்டுப் பணி வேண்டும். 36இல் பணியேறியவர்க்கு 58இல் 22 ஆண்டுதான் ஆகும். அவர்க்கு அவ்வீராண்டு பெருந்துணை. இப்பெண்களை ஏளனம் செய்தல் தகாது. ஆனால் அவர்க்கு நேர்ந்த குறை, அகவையின் குறைவால் வந்ததன்று. பிள்ளை வளர்த்த ஆண்டுகளைப் பணியாண்டுகளாக எண்ணாமையால் வந்தது. நோய் ஒன்று, மருந்து வேறொன்று. அதனால்தான் மருந்து சிலர்க்கு நலமும் பலர்க்குத் தீங்கும் ஆயிற்று.

அதே வேளையில், 'பெண்ணுக்கு முந்தி ஓய்வு' என்பதைக் கட்டாயமாக்கினால் அதுவும் விலங்காகிவிடும். ஏர் இந்தியா வானூர்தி நிறுவனம் தன் பணிப்பெண்களை 35 அகவையில், அல்லது பணியேறி நான்காண்டுக்குள் மணந்தால், அல்லது முதற்கருவுற்றால் வீட்டுக்கு அனுப்பும் விதியை வைத்திருந்தது. உடன் பறந்த ஆண் பணியாளர்க்கோ 58. நர்கேசு மீர்சா என்பார் தொடுத்த வழக்கில், கருவுற்றால் வேலை போகும் என்னும் விதியை 1981 ஆகத்தில் உச்சநயன்மன்றம் அடித்து நீக்கிற்று. ஆகவே பெண்ணுக்கு வேண்டுவது விரட்டும் ஓய்வு அன்று. வேண்டும்போது எடுத்துக்கொள்ளும் ஓய்வுரிமை. இரண்டுக்கும் இடையில் உள்ள வேறுபாடு, வாயிலைப் பூட்டுவதற்கும் திறந்து வைப்பதற்கும் உள்ள வேறுபாடு.

உலகம் கற்றுத்தரும் பாடம்

'உலகமெல்லாம் உயர்த்துகிறது, நாமும் உயர்த்துவோம்' என்போர் உலகத்தை முழுமையாகப் பார்ப்பதில்லை. 1889இல் செருமனியில் பிசுமார்க்கு கொண்டுவந்த முதியோர் காப்பீட்டில் அகவை 70. அவ்வகவையைத் தொடும் தொழிலாளர் அன்று மிகச் சிலர். எனவே கருவூலத்துக்கு நோவில்லை. 1916இல் அதை 65 ஆகக் குறைத்தனர். அதே செருமனி இன்று, 1992க்குப் பின் பிறந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் மூன்று ஆண்டு வளர்ப்புக் காலத்தைத் தாயின் ஓய்வூதியக் கணக்கில் சேர்த்துக் கொடுக்கிறது. செருமனியின் எண்ணைப் படித்தவர்கள் இதைப் படிக்கவில்லையா?

இங்கிலாந்தில் 1940இல் பெண்ணின் ஓய்வூதிய அகவை 65இலிருந்து 60 ஆகக் குறைக்கப்பட்டது. 1995ஆம் ஆண்டுச் சட்டம் அதை மீண்டும் ஆணுக்கு ஒப்பாக 65 ஆக்கத் திட்டமிட்டது. 2011ஆம் ஆண்டுச் சட்டம் அதை விரைவுபடுத்தி, 2020 அக்டோபருக்குள் இருபாலார்க்கும் 66 ஆக்கிற்று. 1950களில் பிறந்த பெண்கள் பலர், 60 நெருங்கும் வேளையில்தான் தம் ஓய்வு தள்ளிப்போனதை அறிந்தனர். சட்டம் வந்து 14 ஆண்டு கழித்து, 2009இல்தான் தனித்தனி மடல்கள் போகத் தொடங்கின. அரசு செய்தது முறைகேடு என்றும் இழப்பீடு தருதல் வேண்டும் என்றும் 2024 மார்ச்சில் நாடாளுமன்ற முறைகேள் அலுவலர் அறிக்கை தந்தார். அவ்வாண்டு திசம்பரிலேயே அரசு 'தர இயலாது' என்றது. ஒப்புரவு என்னும் பெயரால் பெண்ணின் ஓய்வைப் பறித்துவிட்டு, கூலியிலும் வீட்டுவேலையிலும் ஒப்புரவைக் கொண்டுவர மறந்த நாட்டின் கதை அது.

பிரான்சு 2023இல் 62ஐ 64 ஆக்கியபோது நாடே தெருவில் இறங்கிற்று. அங்கும், மிக இளமையில் வேலைக்கு வந்தவர் முந்தி ஓய்வு பெறும் வழியைச் சட்டம் விட்டுவைத்தது. சீனம் 2025 சனவரி 1 முதல் பதினைந்து ஆண்டில் படிப்படியாக ஆணுக்கு 60ஐ 63 ஆக்குகிறது. அலுவலகப் பெண்ணுக்கு 55ஐ 58 ஆக்குகிறது. கைத்தொழிற் பெண்ணுக்கு 50ஐ 55 ஆக்குகிறது. உயர்த்தும் சீனமும் மூவர்க்கும் மூன்று எண் வைத்திருப்பதைக் காண்க. இலங்கையிலும், உழைப்போர் சேமிப்பு வைப்பினை ஆண் 55இலும் பெண் 50இலும் எடுத்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் தமிழ்ப்பெண்ணுக்கும் அது பொருந்தும். மாறுபட்ட உழைப்புக்கு மாறுபட்ட ஓய்வு என்பது உலகம் அறியாத புதுமை அன்று.

தமிழ் மண்ணின் அளவுகோல்

வெளிநாட்டுச் சான்று எதற்கு? செட்டிநாட்டு மண்ணிலேயே ஓர் அளவுகோல் இருந்தது. பருமாவிலும் மலேயாவிலும் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளுக்கு இங்கிருந்து சென்ற மேலாட்கள், பெரும்பாலும் மூன்றாண்டுக் கணக்குக்குப் போனார்கள். மூன்றாண்டு முடிந்ததும் கணக்கை ஒப்புவித்துவிட்டு ஊர் திரும்பி ஓய்வெடுத்தார்கள். பிறகு மீண்டும் சென்றார்கள். அங்கே எவரும் 'உன் அகவை என்ன?' என்று கேட்டு ஓய்வு தரவில்லை. 'உன் உழைப்பு எவ்வளவு?' என்று கேட்டே ஓய்வு தந்தார்கள். வணிகர்க்குத் தெரிந்த இந்த நயன், வாக்குப் பெற்று ஆள்வோர்க்குத் தெரியாமற் போயிற்று.

அதற்கும் ஈராயிரம் ஆண்டு முன்பே, இப்பாண்டி நாட்டுப் புலவர் பிசிராந்தையாரைச் சான்றோர் ஒரு வினா கேட்டனர். ஆண்டு பல ஆகியும் நரை தோன்றாதது எப்படி என்பது அவ்வினா. அவர் சொன்ன விடையைப் புறநானூறு காத்து வைத்திருக்கிறது. மாண்புடைய மனைவியும் நிரம்பிய மக்களும், குறிப்பறிந்து நடக்கும் ஏவலரும், அல்லது செய்யாமற் காக்கும் வேந்தனும், அடங்கிய சான்றோர் பலர் வாழும் ஊரும் தமக்கு வாய்த்தமையே கரணியம் என்றார் அவர். நரை ஆண்டின் எண்ணால் மட்டும் வருவதில்லை. வாழும் வாழ்வால் வருகிறது என்பதைத் தமிழன் அன்றே கண்டான். அல்லது செய்யும் ஆட்சியின்கீழ், கூலியில்லாத வீட்டுவேலையோடு கூலி குறைந்த வெளிவேலையும் சுமப்பவளுக்கு நரை முந்தி வரும். முந்தி வந்த நரைக்கு முந்தி ஓய்வு வர வேண்டும். அறுபது என்னும் எண்ணை அவள்முன் நீட்டுதல் தமிழ் அறம் ஆகாது.

செய்ய வேண்டுவன

முதலாவது, ஓய்வு அகவையை இனி எவர்க்கும் உயர்த்தலாகாது. மாற்றம் எதுவாயினும் பத்தாண்டு முன்னரே அறிவித்தல் வேண்டும். இதை 2018-19ஆம் ஆண்டுப் பொருளியல் ஆய்வறிக்கையே ஒப்புக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, அகவை அன்றிப் பணியாண்டே ஓய்வுக்கு அளவாக வேண்டும். 30 ஆண்டு உழைத்த எவரும், அகவை எதுவாயினும், முழு ஓய்வூதியத்தோடு விலக உரிமை பெறுதல் வேண்டும். ஒவ்வொரு பிள்ளைக்கும் வளர்ப்புக் காலத்தைத் தாயின் பணியாண்டோடு கூட்டுதல் வேண்டும். அப்பொழுது காலந்தாழ்ந்து பணியேறிய பெண்ணுக்கும் குறை தீரும். இளைஞர்க்கும் வாயில் திறக்கும்.

மூன்றாவது, கட்டடம், உழவு, கரிமூட்டம், கொதிகலம், வீட்டுவேலை ஆகிய கடும் உழைப்பினர்க்கு ஓய்வூதியம் பெண்ணுக்கு 50இலும் ஆணுக்கு 55இலும் தொடங்குதல் வேண்டும். பெண்ணின் ஐந்தாண்டு சலுகை அன்று. அவள் வீட்டில் உழைத்த இருபது ஆண்டில் காற்பங்கு. பிறப்புச் சான்று இல்லாதார்க்கு ஊரார் சான்றும் மருத்துவர் சான்றும் போதும் என்றாதல் வேண்டும்.

நான்காவது, நடுவணரசின் 200 உருபா என்னும் இழிவு நீங்கி, விலைவாசியோடு சேர்ந்து உயரும் தொகையாதல் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளுக்குச் சமைத்தே தேய்ந்த சத்துணவுப் பெண்களின் சிறப்பு ஓய்வூதியம் பல ஆண்டுகள் 2000 உருபாவிலேயே கிடந்தது போன்ற நிலை எவர்க்கும் இனி நேரலாகாது.

'பணம் எங்கே?' என்று கேட்பர். கட்டடத் தொழிலாளர்க்கென 1996ஆம் ஆண்டுச் சட்டப்படிக் கட்டுமானச் செலவில் 1 விழுக்காடு தீர்வை தண்டப்பட்டு வந்தது. இந்திய நாடெங்கும் தண்டியது 37,400 கோடி உருபாவுக்கு மேல். தொழிலாளர்க்குச் செலவிட்டதோ ஏறத்தாழ 9,500 கோடிதான். இதை 2018 மார்ச்சில் உச்சநயன்மன்றமே எடுத்துக்காட்டிக் கண்டித்தது. சித்தாளின் பெயரால் தண்டிய பணம் பெட்டியில் உறங்க, அச்சித்தாள் அறுபதை எதிர்பார்த்துக் கல் சுமந்துகொண்டிருந்தாள். இல்லாதது பணம் அன்று, மனம்.

தமிழ்ப் பெருமக்களே! ஓய்வூதியம் அரசுப் பணியாளரின் சிக்கல் மட்டும் என்று எண்ணி வாளாவிருத்தல் தகாது. அலுவலகத்தாரும் ஆசிரியரும் தமக்கென மட்டும் கொடி பிடித்தால், அரசு அவர்க்கு ஓர் எண்ணைக் கொடுத்து அமைதியாக்கிவிடும். களத்தில் நிற்பவள் அங்கேயே நிற்பாள். கரும்பலகை முன் நின்றவரும் கலவைச் சட்டி தூக்கியவரும் ஓரணியில் நின்று, உழைப்புக்கு ஏற்ற ஓய்வைக் கேட்டால்தான் அது கிடைக்கும். முதியோரைக் காத்தல் மொழியையும் மண்ணையும் காப்பதோடு ஒத்த கடமை. அம்மொழியை அடுத்த தலைமுறையின் நாவில் தாலாட்டாய் வைத்தவள் அம்மூதாட்டியே அல்லளோ? அவள் முதுகு நிமிருமுன் இந்நாட்டின் தலை நிமிராது.